பழைய சக்கரமும் டயருக்குள் இருக்கும் கருவியும்

ஓர் ஓட்டுநர் தம் பிக்கப் வண்டிக்கு இரண்டு பழைய சக்கரம் வாங்கினார். டிஸ்க்கும் டயரும் சேர்த்து விலை மலிவு. மாட்டிக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கியது. பிறகு நின்று எரிந்தது. குதிரை லாடம் போன்ற படம். அதன் நடுவில் ஓர் ஆச்சரியக் குறி.

பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணே, நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கிறது. விளக்கு மட்டும் அணையவில்லை."

"தம்பி, நீ வாங்கிய சக்கரத்துக்குள் சென்சார் இருக்கிறதா? பார்த்தாயா?"

"சென்சாரா? அது என்ன?"

நீங்களும் இப்படிக் கேட்கலாம். சென்சார் என்பது காற்றை அளக்கும் சிறிய கருவி. டயருக்குள், வால்வின் அடியில் இருக்கும். அதற்குள் ஒரு பேட்டரி உண்டு. அது காற்றின் அளவை அளந்து, ரேடியோ அலை வழியாக வண்டியில் உள்ள பெட்டிக்குச் சொல்லும். காற்று குறைந்தால் பெட்டி விளக்கைப் போடும்.

காற்று குறைந்த டயர் அதிகமாக மடங்கும். மடங்க மடங்கச் சூடு ஏறும். பாரத்தோடு வேகமாகப் போகும்போது அந்தச் சூட்டில் டயர் வெடிக்கும். லாரியில் பின்பக்கம் ஜோடி டயர். உள்டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. பாரம் முழுவதும் பக்கத்து டயர் மேல் விழும். கம்பியால் தட்டிப் பார்ப்பது நம் வழக்கம். முழுதும் இறங்கிய டயரை அந்தச் சத்தம் காட்டிக் கொடுக்கும். இருபது பவுண்டு குறைந்த டயரைக் காட்டாது.

டில்லி மாயாபுரி, கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை. இங்கெல்லாம் பழைய வண்டிச் சாமான் கிடைக்கும். வாங்குவது தவறில்லை. டிஸ்க்கின் அளவையும் போல்ட் துளைகளையும் எல்லோரும் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் சென்சாரைத்தான் மறந்துவிடுகிறோம்.

ரேடியோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் உண்டு. முள்ளை வேறு இடத்தில் வைத்தால் அந்த நிலையம் கேட்காது. சென்சாரும் அப்படித்தான். இந்திய வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலை. அமெரிக்க, ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் 315. அங்கிருந்து வந்த சக்கரம் என்றால் அதன் பேச்சு உங்கள் வண்டிக்குக் கேட்கவே கேட்காது. அலை ஒன்றாக இருந்தாலும் போதாது. ஒவ்வொரு கம்பெனியும் செய்தி அனுப்பும் முறை வேறு. அதனால் உங்கள் வண்டிக்கு உரிய சென்சாரா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சரியான சென்சாராகவே இருக்கட்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் உண்டு. புதிய எண்ணை வண்டிப் பெட்டியில் பதிய வேண்டும். சில வண்டிகள் ஓடும்போதே தாமாகப் பதிந்துகொள்ளும். மற்றவற்றுக்கு மெக்கானிக்கிடம் கருவி வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையான ஆபத்து உண்டு. கழற்றிய பழைய சக்கரத்தை வண்டியிலேயே போட்டு வைப்போம். அதன் சென்சார் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். சில சென்சார்கள் சக்கரம் சுற்றாதபோதும் "காற்று சரி" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டியும் நம்பிவிடலாம். அப்போது சாலையில் ஓடும் டயரில் காற்று இறங்கினாலும் விளக்கு எரியாது!

பேட்டரி சுமார் 5 முதல் 10 ஆண்டு வரை உழைக்கும். பெரும்பாலான சென்சார்களில் அதை மாற்ற முடியாது. சென்சாரையே மாற்ற வேண்டும். எனவே பழைய சக்கரம் எந்த ஆண்டு வண்டியில் இருந்தது என்று கேளுங்கள். கார் சென்சாரை லாரியில் போடாதீர்கள். லாரி டயரில் 100 பவுண்டுக்கு மேல் காற்று அடிப்போம். ட்யூப் உள்ள லாரி டயர் என்றால், வால்வின் நுனியில் மூடி போலத் திருகும் சென்சார் தனியாகக் கிடைக்கிறது.

மத்திய அரசு 2020-இல் ஒரு விதி கொண்டுவந்தது. 3.5 டன் வரை உள்ள வண்டிகளுக்கு அது. ட்யூப் இல்லாத டயர், சென்சார், பஞ்சர் ஒட்டும் சாமான் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்றது. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் சென்சாரும் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

சென்சார் இருந்தாலும் காற்று மீட்டர் வேண்டும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டால் அளவு கூடும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

பஞ்சர் கடை அண்ணன் இரண்டு டயரையும் கழற்றினார். ஒன்றில் சென்சாரே இல்லை. மற்றதில் வேறு வண்டியின் சென்சார் இருந்தது.

"உன் பழைய சக்கரம் எங்கே, தம்பி?"

"வண்டியில்தான் கிடக்கிறது."

அவற்றின் சென்சார்களுக்கு உயிர் இருந்தது. அவர் அவற்றை மெதுவாகக் கழற்றினார். டயர் கழற்றும் கம்பி பட்டால் சென்சார் உடைந்துவிடும். வால்வு ரப்பரைப் புதிதாகப் போட்டு, வாங்கிய டிஸ்க்கில் மாட்டினார். எண் பழைய எண்தான். பதிய வேண்டிய வேலை இல்லை.

ஓட்டுநர் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் விளக்கு அணைந்தது.