பாஸ் அவுட் ஆனாரா, மயங்கி விழுந்தாரா?

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதி, அமெரிக்காவில் இருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். அதில் "ஷி பாஸ்டு அவுட் இன் 2016" என்று ஒரு வரி. இரண்டு நாளில் பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வி: "அந்தப் பெண் இப்போது நலமா?"

எனக்கு ஒண்ணுமே புரியலை. அப்புறம்தான் உறைத்தது. நான் "2016-இல் படிப்பை முடித்தாள்" என்று எழுதியதாக நினைத்தேன். அவரோ "2016-இல் மயங்கி விழுந்தாள்" என்று படித்திருக்கிறார்! நல்லவேளை, கேட்டார். கேட்காமல் கடிதத்தை ஓரமாக வைத்திருந்தால் நஷ்டம் எனக்கில்லை, அந்தப் பெண்ணுக்கு.

அப்படியென்றால் நாம் சொல்வது தப்பா? தப்பு என்று சொல்ல மாட்டேன். ராணுவத்தில் இதே பொருளில் இந்தச் சொல் இன்றும் இருக்கிறது. பயிற்சி முடித்தவர்கள் அணிவகுத்து வெளியேறுவதற்குப் பெயரே "பாஸிங் அவுட் பரேடு". பிரிட்டனில் அப்படித்தான் சொல்கிறார்கள். நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் டேராடூனிலும் அதே பெயர்தான். ஆனால் கல்லூரிப் படிப்பை முடிப்பதற்கும் இதைச் சொல்வது இந்திய ஆங்கில வழக்கு.

நமக்கு இது இயல்பாக ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. "பாஸ்" என்றால் தேர்ச்சி, "அவுட்" என்றால் வெளியே. தேறி வெளியே வந்தாச்சு, கணக்கு சரி! "நீங்க எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்று அதைப் பெயர்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். மயக்கத்துக்கு நம்மிடம் "மயக்கம் போட்டு விழுந்துட்டான்" இருக்கிறது. அதனால் நமக்குள் குழப்பமே வருவதில்லை.

இன்னொரு பொருளும் உண்டு: விநியோகிப்பது. "த டீச்சர் பாஸ்டு அவுட் த பேப்பர்ஸ்" என்றால் ஆசிரியர் தாள்களைக் கொடுத்தார். கடைசியில் வரும் "பேப்பர்ஸ்" விட்டுப்போனால் ஆசிரியரே கீழே விழுந்துவிடுவார்!

"ஃப்ரம்" போட்டால் பொருள் தெளிவாகிவிடும் என்று நினைக்காதீர்கள். "பாஸ்டு அவுட் ஃப்ரம் த ஹீட்" என்றால் வெயிலில் மயங்கினார். "பாஸ்டு அவுட் ஃப்ரம் காலேஜ்" என்றால் நமக்குப் படிப்பு முடித்தார். ஓர் அமெரிக்கருக்கோ, கல்லூரி அவ்வளவு கொடுமையா என்று தோன்றும்.

என் முடிவு எளிது. நமக்குள் பேசும்போது தாராளமாக "பாஸ் அவுட்" சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் போகிற விண்ணப்பம், கடிதம், ரெஸ்யூமே என்றால் "கிராஜுவேட்டட் இன் 2016" என்றோ "கம்ப்ளீட்டட் ஹெர் டிகிரி" என்றோ எழுதுங்கள். சொல் சரியா தப்பா என்பதைவிட, படிக்கிறவர் காதில் அது எப்படி விழும் என்பதுதான் முக்கியம்.

அந்தப் பெண் நலம். அதையும் அவருக்கு எழுதிப் போட்டேன்.