லயத்துக்கு வரும் பயிற்சி மாணவரும் நம் வீட்டுக் கதையும்



சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் களப்பயிற்சிக்காக நம் தோட்டங்களுக்கு வருகிறார்கள். கையில் ஒரு கொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. "யாருங்க இவங்க? நம்ம வீட்டு விஷயத்த எதுக்குக் கேக்குறாங்க?" என்று பலர் எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

சமூகப்பணி என்பது படித்துப் பழகிச் செய்யும் தொழில். இலங்கையில் அதற்கான கல்வி 1952 இல் கொழும்பில் தொடங்கியது. அன்று தொடங்கிய கல்லூரிதான் இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். தாதிமார் வார்ட்டில் வேலை பழகுவதுபோல, இந்தப் பிள்ளைகள் ஊரிலும் லயத்திலும் பழகுகிறார்கள். ஆனால் இவர்கள் பாடமாகப் படிப்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை. அதனால்தான் இதற்கு எல்லை வேண்டும்.

எல்லை தவறினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில வருஷங்களுக்கு முன், கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா, தன் புருஷன் நகையை அடகு வைத்துக் குடிப்பதைப் பயிற்சி மாணவி ஒருவரிடம் சொல்லி அழுதார். அந்தப் பிள்ளையும் நல்ல மனதோடுதான், "நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று தலைவரிடம் போய்ச் சொன்னது. மறுநாள் பீலிக்கரை முழுக்க அதே பேச்சு. அன்று ராத்திரி அந்த வீட்டில் அடி விழுந்தது. இரண்டு மாதம் அந்த அக்கா தன் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவுக்குக்கூட அனுப்பவில்லை. மாணவியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வந்த முதல் நாளே அவருக்குச் சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்லவில்லை.

இந்த முறை வந்திருக்கும் மாணவி யாழ்ப்பாணம் கொக்குவிலைச் சேர்ந்தவர். முதல் நாள் அவருக்கு விதிகளைச் சொன்னபோது, அவர் தன் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னார். 1987 ஒக்டோபரில், இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் வந்த சண்டையின்போது, சனங்கள் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்தார்கள். செல் விழுந்து பலர் செத்துப்போனார்கள். அம்மம்மாவும் அங்கே இருந்தவர். பிறகு கொப்பியோடு பலர் வந்து கேட்டார்களாம். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். எழுதிக்கொண்டு போன ஒருவரும் திரும்பி வரவில்லை. "கேட்டவைக்கு அது ஒரு கதை. எனக்கு அண்டைக்கு இரவு நித்திரை இல்லை" என்பாராம்.

நம் மலைநாட்டிலும் இதே நிலை வரும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. அப்படி ஒரு துயரம் நடந்த இடத்துக்கு உதவ வருகிறவர்களுக்கென்று, உலக அமைப்புகள் சேர்ந்து 2007 இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. பாதிக்கப்பட்டவரை நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது அதில் முக்கியமானது. அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ஆகவே, பயிற்சி மாணவர் நடக்க வேண்டிய முறை இதுதான்:

1. யார், எங்கே படிக்கிறார், எவ்வளவு நாள் இருப்பார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் காம்பராவுக்குள் வரக் கூடாது.

2. கேட்டதைப் பக்கத்து வீட்டிலோ, கங்காணியிடமோ, தலைவரிடமோ சொல்லக் கூடாது. கொப்பியில் உங்கள் சொந்தப் பெயரை எழுதக் கூடாது.

3. கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. பிள்ளைகளின் படத்தைப் பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ போடவே கூடாது.

4. காசு கொடுக்கவோ வாங்கவோ கூடாது. ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கலாம், தப்பில்லை.

5. "வீடு வாங்கித் தாரேன், வேலை எடுத்துத் தாரேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

6. பயிற்சி முடிந்து போவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாதியில் இருக்கும் விஷயத்தை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இரகசியத்துக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்தாலோ, ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்றாலோ மாணவர் அதை மூடி வைக்க முடியாது. தன்னை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதையும் முதல் நாளே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் நீங்களே 1929 க்கும், பெண்களுக்கான உதவிக்கு 1938 க்கும் போன் பண்ணலாம்.

நம் பக்கத்திலும் கொஞ்சம் கடமை இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் கைமாற்றுக் கேட்காதீர்கள். வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ணக் கூப்பிடாதீர்கள். கல்யாணப் பேச்சு எடுக்காதீர்கள். அவர் இன்னும் படிக்கிறவர்.

"இதச் சொல்ல விருப்பமில்லம்மா" என்று நீங்கள் சொன்னால் கோபிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதற்காக எந்த உதவியும் நிற்காது. யாராவது எல்லை மீறினால், பிரட்டுக்கு வரும்போதோ பிள்ளைக்காம்பரா ஆயா மூலமோ எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். யார் சொன்னது என்பது வெளியே போகாது.

அந்த அக்கா இப்போது எங்களோடு பேசுகிறார். திரும்பப் பேச ஒரு வருஷம் ஆனது. சொல்லுவதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். அது உங்கள் வீட்டுக் கதை.