மணமாகாத இருவரும் ஒரு வீடும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முறைப்படி மணந்த தம்பதியர் பிரிகிறபோது, வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், இருவரின் தேவையையும் வருவாயையும் குழந்தைகளின் நலனையும் கருதி அதை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றித் தரும் அதிகாரத்தை 1973ஆம் ஆண்டின் திருமண வழக்குகள் சட்டம் நீதிமன்றத்துக்கு வழங்கியிருக்கிறது. மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரியும்போது இந்த அதிகாரம் செல்லாது. அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு ஏற்கெனவே உள்ளது என்பதை மட்டுமே நீதிபதி பார்க்க முடியும். நெடுங்காலம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலே மனைவிக்குரிய உரிமைகள் தாமாகவே வந்துசேரும் என்ற நம்பிக்கை அந்நாட்டில் இன்றும் பரவலாக இருக்கிறது. ஆனால் சட்டத்தில் அதற்கு ஆதாரமில்லை. பத்தொன்பது ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்து, அவருடைய குடும்பப் பெயரையே தரித்து, இரு பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணுக்கு, அந்த ஆணின் பெயரில் மட்டும் இருந்த வீட்டில் ஒரு செங்கல்லளவு உரிமையும் இல்லை என்று 1984ஆம் ஆண்டு பர்ன்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இருவர் பெயரிலும் வாங்கிய வீடு என்றால் நிலைமை சற்றே மேலானது, ஆயினும் எளியதன்று. ஆங்கிலச் சட்டம் உடைமையை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறது: பதிவேட்டில் பெயர் இருப்பதால் கிடைக்கும் சட்ட உரிமை ஒன்று, வீட்டை விற்றால் வரும் பணம் உண்மையில் யாருக்குச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பயனுரிமை மற்றொன்று. பயனுரிமையை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். கூட்டுரிமை என்ற முறையில் தனித்தனிப் பங்கு கிடையாது. ஒருவர் இறந்தால், அவருடைய உயில் என்ன சொன்னாலும், வீடு முழுவதும் மற்றவருக்குப் போய்விடும். பங்குரிமை என்ற முறையில் அவரவர் பங்கு அவரவருடையது. அது பாதிக்குப் பாதியாக இருக்க வேண்டியதில்லை, உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். பிரிந்த இணையர் கூட்டுரிமையை மறந்தும் தொடரவிடலாகாது. பிணக்கோடு விலகிச்சென்ற ஒருவர் திடீரென இறந்தால், முழு வீடும் மற்றவருக்குச் சேர்ந்து, இறந்தவரின் உறவினர் வெறுங்கையோடு நிற்க நேரும். 1925ஆம் ஆண்டின் சொத்துரிமைச் சட்டத்தின்படி எழுத்து வடிவில் ஓர் அறிவிப்பு கொடுத்தாலே கூட்டுரிமை பங்குரிமையாக மாறிவிடும். அதற்கு மற்றவரின் சம்மதம் தேவையில்லை.

இதன் சிக்கல் முழுவதையும் ஜோன்ஸ் எதிர் கெர்னாட் வழக்கில் காணலாம். எஸெக்ஸ் மாவட்டத்தின் தண்டர்ஸ்லியில் 1985ஆம் ஆண்டு ஜோன்ஸ் என்ற பெண், கெர்னாட் என்ற ஆண் ஆகிய இருவர் பெயரிலும் 30,000 பவுண்டுக்கு ஒரு வீடு வாங்கப்பட்டது; அந்தப் பெண் தனது நடமாடும் வீட்டை விற்றுக் கிடைத்த பணத்திலிருந்து 6,000 பவுண்டை முன்பணமாகச் செலுத்த, மீதிக்குக் கடன் வாங்கினார்கள். 1993இல் ஆண் வெளியேறினார். அடுத்த பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடன் தவணை, பராமரிப்பு, இரு குழந்தைகளின் வளர்ப்பு ஆகியவற்றின் பெருஞ்சுமையை அந்தப் பெண்ணே தாங்கினார். இடையில் இருவரும் சேர்ந்து எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டை முடித்துப் பணத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பங்கின் உதவியோடு ஆண் தமக்கெனத் தனி வீடு வாங்கிக்கொண்டார். பின்னர், விலை ஏறியிருந்த பழைய வீட்டில் தமக்குப் பாதி உண்டு என அவர் உரிமை கோரினார். மாவட்ட நீதிமன்றம் பெண்ணுக்கு 90, ஆணுக்கு 10 விழுக்காடு என்றது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சரிபாதி என்று புரட்டியது. 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 90-10 என்ற பழைய தீர்ப்பையே மீட்டது. முடிவு நியாயமானதே, எனினும் ஒரு சாதாரணக் குடியிருப்பைப் பங்கிட நான்கு நீதிமன்றப் படிகள் ஏற வேண்டியிருந்ததை நியாயம் என்று சொல்வது கடினம்.

அந்தத் தீர்ப்பின் அடித்தளத்தை 2007ஆம் ஆண்டின் ஸ்டாக் எதிர் டவ்டன் வழக்கு இட்டிருந்தது. இருவர் பெயரில் வீடு இருந்து, பங்கு பற்றி எதுவும் எழுதப்படாவிட்டால், சமபங்கு என்றே சட்டம் தொடக்கத்தில் ஊகிக்கும். வேறு நோக்கம் இருந்தது என்று வாதிடுபவர், கடன் கட்டிய விதம், தனித்தனியாகப் பேணிய கணக்குகள், பிரிவுக்குப் பிந்தைய நடத்தை எனச் சான்றுகளைக் குவித்து அதை மெய்ப்பிக்க வேண்டும். நோக்கம் மாறியது தெரிந்தும் எவ்வளவு பங்கு என்பது தெளிவாகாதபோது, மொத்த நடத்தையைக் கருதி நியாயமான அளவை நீதிமன்றமே குறிக்கலாம் என்பதை ஜோன்ஸ் வழக்கு சேர்த்தது. இத்தனை தர்க்கமும் வாங்கும்போது எழுதாமல் விட்ட சில வரிகளுக்கு மாற்றாக எழுந்ததே: பங்கு விவரத்தை அப்போதே எழுத்தில் அறிவித்துக் கையொப்பமிட்டிருந்தால், மோசடியோ தவறோ இல்லாதவரை அதுவே முடிவானது.

நடைமுறையில் பெரும்பாலோர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. ஒருவர் மற்றவரின் பங்கை விலைகொடுத்து வாங்குவார், அல்லது வீட்டை விற்றுக் கடனை அடைத்து மிச்சத்தைப் பிரிப்பார்கள். பங்கை வாங்குபவர் முதலில் வங்கியைத்தான் பார்க்க வேண்டும். கூட்டுக் கடனில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பாளியாகையால், வீட்டை விட்டு வெளியேறியவரும், வங்கி எழுத்து மூலம் விடுவிக்கும்வரை, கடனாளியாகவே நீடிக்கிறார். ஒருவரின் வருவாய் மட்டும் போதும் என்று வங்கி ஒப்பாவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். மணமுறிவுக்கு உள்ள முத்திரை வரி விலக்கும் இவர்களுக்குக் கிடையாது. பேச்சுவார்த்தை முறிந்தால், 1996ஆம் ஆண்டின் நிலப் பொறுப்புச் சட்டத்தின்கீழ் விற்பனை ஆணை கோரலாம். வீடு எந்த நோக்கத்துக்காக வாங்கப்பட்டது, அங்கே வாழும் குழந்தைகளின் நலன் என்ன, கடன் கொடுத்தவரின் நிலை என்ன என்பவற்றை நீதிபதி கருதுவார். குழந்தைகள் வளரும்வரை விற்பனையைத் தள்ளிவைப்பதும் உண்டு.

இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே இயற்றப்பட்ட 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதில் வேறொரு வழியைத் தேர்ந்தது. அதன் 45ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் இருவர் தத்தம் பணத்தைப் போட்டு வாங்கிய சொத்தில், அவரவர் போட்ட பணத்தின் விகிதமே பங்கு. விகிதத்துக்குச் சான்று இல்லாதபோதுதான் சமபங்கு என்ற ஊகம். வீட்டைக் கூறுபோட முடியாத நிலையில், 1893ஆம் ஆண்டின் பாகப் பிரிவினைச் சட்டப்படி, பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர் விற்கக் கேட்டால், மற்றவர் மதிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணுக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமையைத் தருகிறது, உடைமையைத் தருவதில்லை. எல்லாச் சேர்வாழ்வும் அந்த உறவுக்குள் அடங்காது என்பதைக் கோயம்புத்தூரில் தொடங்கிய வேலுசாமி வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆகவே, ஒருவர் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு மற்றவர் வங்கி வழியாகத் தவணை கட்டிய வீட்டில், பிற்காலத்தில் பேசப்போவது வங்கிக் கணக்கே. ரொக்கம் கொடுத்தவர் கிரயப் பத்திரத்தில் தம் தொகையைக் குறிப்பிடச் சொல்லியிராவிட்டால், அதை மெய்ப்பிக்கும் பாரம் அவர் தலையிலேயே விழும்.