மேசைமேல் வரைந்த வில்

2003 ஜூன் 10. கோலாலம்பூரில் கொட்டித் தீர்த்த மழையில், டத்தாரான் மெர்டேக்காவுக்கு அடியில் பிளாசா புத்ராவில் இருந்த ஆக்டர்ஸ் ஸ்டூடியோ அரங்குகள் வெள்ளத்தில் மூழ்கின. ஜோ ஹாஷாமும் ஃபரிடா மெரிக்கானும் 1989-இல் தொடங்கிய குழு அது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

மூழ்கிய அரங்குக்கு மாற்று கிடைத்தது. 2005-இல் செந்தூலில் ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று கேஎல்பேக் அரங்காகத் திறக்கப்பட்டது. ஆனால் ஒரு நாடகக் குழு பல வருடம் தேடித்தேடிச் சேர்க்கும் மேடைப் பொருட்கள் அப்படியல்ல. சுழற்றும் தொலைபேசி, தகரப்பெட்டி, பித்தளைக் கூஜா எல்லாம் நனைந்து போனால், கடைக்குப் போய் அதே சாமானை வாங்கி வர முடியாது.

மலாய் பங்சாவான் நாடகம் பிறந்த கதையிலும் இப்படிச் சாமான்கள் வருகின்றன. பினாங்குக்கு வந்து ஆடிய பார்சி நாடகக் குழு ஊர் திரும்பும்போது தன் மேடைச் சாமான்களை விற்றுவிட்டதாகவும், அவற்றை வாங்கிய மாமாக் புஷி 1885-இல் சொந்தக் குழு தொடங்கியதாகவும் சொல்வார்கள்.

மேடைப் பொருட்களைப் பார்த்துக்கொள்பவரின் வேலை பிரதியைப் படிப்பதில் தொடங்குகிறது. எந்தக் காட்சி, என்ன பொருள், யார் கையில், மேடையின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்று பட்டியல் போடுவார். கடைசிக் கேள்வியில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். இடப்பக்கம் வெளியேறிய செம்பு அடுத்த காட்சிக்கு வலப்பக்கம் தேவைப்பட்டால், இருட்டில் அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் ஒரு நீள மேசை. அதன்மேல் வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்துச் சுற்றி மார்க்கரால் கோடு இழுத்திருப்பார்கள். வில்லுக்கு வில்லின் உருவம், செம்புக்கு ஒரு வட்டம், பக்கத்தில் பெயர், காட்சி எண். நாடகம் தொடங்க அரை மணி இருக்கும்போது ஒருவர் வந்து பார்க்கிறார். வில்லின் கோட்டுக்குள் வெறும் தாள்! பட்டியலைப் புரட்டத் தேவையில்லை, காணாமல் போனது எது என்று மேசையே சொல்லிவிடும். ஒப்பனை அறையில் யாரோ பயிற்சி செய்துகொண்டிருந்த வில் இரண்டு நிமிடத்தில் இடத்துக்கு வந்துவிடும். அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு எல்லா அரங்கிலும் உண்டு. அது கடுமையாகவே இருக்க வேண்டும். இராமன் வெறுங்கையோடு மேடையேறினால் அந்த இரவு முழுக்க அந்த நடிகருக்கு மனம் ஆறாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் அரங்கேறும் நாட்டிய நாடகங்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் அவசியம். ஆடுபவர் தாளத்தை விட்டுவிட்டுப் பொருளைத் தேட முடியாது. கை நீட்டிய இடத்தில் அது இருக்க வேண்டும். கனமும் முக்கியம். உண்மையான பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அரைமண்டியில் ஆட முடியாது என்பதால், இலேசான குடத்துக்குப் பித்தளை வண்ணம் பூசுவார்கள்.

சிறிய தமிழ் நாடகக் குழுக்களுக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகள் பெரிய துணை. குத்துவிளக்கு, தாம்பாளம், மாலை எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். வாங்குவது சுலபம். வைத்திருப்பதுதான் பாடு. ஈரப்பதம் மிகுந்த ஊர். காகிதக்கூழ் முகமூடியில் பூஞ்சை ஏறும், மரப்பெட்டியைக் கரையான் அரிக்கும். தனிக் கிடங்கு இல்லாத குழுவுக்கு யாராவது ஒருவர் வீட்டுக் கார் நிறுத்துமிடம்தான் கிடங்கு. 2021 டிசம்பர் வெள்ளம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. அட்டைப்பெட்டியை விட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுவது, தரையை விட்டு உயரத்தில் அடுக்குவது, உள்ளே இருப்பதைப் படமெடுத்து வெளியே ஒட்டுவது எல்லாம் அதிகச் செலவில்லாத வேலைகள். இவற்றைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

சில பொருட்கள் ஒரு காட்சியோடு முடிந்துவிடும். கதாநாயகி கிழித்துப் போடும் கடிதம் அப்படி. ஆறு மேடையேற்றம், இரண்டு முழு ஒத்திகை, கைவசம் இரண்டு என்று பத்துக் கடிதங்களை ஒரே கையெழுத்தில் எழுதி வைப்பார்கள். கடைசி இரவு, திரை விழுந்து மண்டபத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும் நேரத்தில், பட்டியலோடு ஒருவர் மேசையருகே நின்று எண்ணுகிறார். எட்டுக் கிழிந்தது, இரண்டு மீதம். கணக்குச் சரி. இரண்டையும் உறையில் போட்டு, பெட்டியில் வில்லுக்குப் பக்கத்தில் வைக்கிறார்.