குரலை நம்பலாமா?

ஓர் எழுத்துப் பிழை 2 கோடி டொலரைக் காப்பாற்றியது தெரியுமா?

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து பணத்தை மாற்றும்படி, வங்கியே கேட்பது போலக் கட்டளைகள் அனுப்பினார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போயிற்று. 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பெயரில் 'பவுண்டேஷன்' என்பது 'பண்டேஷன்' என்றிருந்தது. இடையிலிருந்த வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. அந்தப் பணம் தப்பியது.

இன்று அந்தப் பிழை வருவது அரிது. செயற்கை நுண்ணறிவு பல மொழிகளில் பெரும்பாலும் பிழையின்றிக் கடிதம் எழுதித் தருகிறது. நம் தமிழிலும் எழுதுகிறது. எழுத்து மட்டுமா? சில வினாடிப் பதிவு கிடைத்தால் ஒருவரின் குரலையே வார்த்துவிடுகிறது. 2024இல் ஹொங்கொங்கில் ஓர் ஊழியர், காணொளிக் கூட்டத்தில் தம் மேலதிகாரிகளைக் 'கண்டு', 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். திரையில் தோன்றிய மேலதிகாரிகள் எல்லோரும் போலி!

பெரிய இடத்து விஷயம் என்று இருந்துவிட முடியாது. போரும் இடப்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்த மண் வன்னி. கண்டாவளையில் இருக்கும் தாய்க்கும் கட்டாரில் இருக்கும் மகனுக்கும் தொலைபேசிக் குரல்தான் பாலம். "உம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன், உடனே பணம் போடுங்க" என்று அந்தக் குரல் அழுதால் எந்தத் தாய் யோசிப்பாள்?

வங்கிகளும் இதே அறிவைக் காவலுக்கு வைத்திருக்கின்றன. நாம் வழக்கமாக யாருக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் அனுப்புகிறோம் என்பதைக் கற்றுக்கொண்டு, மாறான கொடுக்கல் வாங்கலை அது தடுத்து நிறுத்துகிறது. ஆனால் தாயே தன் கையால் அனுப்பும்போது அந்தக் காவலும் ஏமாறக்கூடும்.

ஆகவே கடைசிக் காவல் நம் வீட்டில்தான். நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அவசரம் என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, உங்களிடமுள்ள பழைய இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். வீட்டார் மட்டும் அறிந்த ஓர் அடையாளச் சொல்லை இன்றே பேசி வையுங்கள். வங்கியின் இரகசிய இலக்கத்தை எவரிடமும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் வங்கிக்கும் பொலிஸுக்கும் உடனே அறிவியுங்கள்.

இரண்டு நிமிடம் விசாரிப்பதால் பிள்ளைமீது பாசம் குறைந்துவிடாது. அவன் வியர்வை சிந்தி அனுப்பிய பணம் அவனுடைய அமானிதம் அல்லவா?