மோட்டார் சைக்கிள் பயில்வார்க்குப் பழைய விரைவு வண்டி ஏற்றதா?

இளமைக்கும் விரைவுக்கும் உள்ள உறவு பெரிது. பதினெட்டு வயது நிரம்பிப் பயில்வோர் உரிமம் பெற்ற மாணவருட் பலர் முதன்முதல் வாங்கக் கருதுவது, தந்தையார் செலுத்தும் எளிய வண்டியை அன்று. எஞ்சின் சிறிதாயினும் பந்தய வண்டியின் சாயலும் கடுமையும் வாய்ந்த ஒன்றனையே. புதியது வாங்கப் பொருள் போதாமையின் பழையதனை நாடுகின்றனர். இவ்விருப்பம் தக்கதா, தகாததா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். யாம் தமிழ் பயில்வேமன்றிப் பொறிநூல் வல்லேம் அல்லேம். எனினும், உயிரொடும் பெற்றோர் தேடிய பொருளொடும் தொடர்புடைய ஒன்றனை ஆராயாது விடுதல் அழகன்று.

நம் நாட்டிற் கிடைக்கும் இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, 1985 முதல் 1996 வரை செய்யப்பெற்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. தோற்றத்தால் எளியதேனும் விரைவாற் பெயர் பெற்றது. மற்றொன்று, 2008-இல் வெளிவந்த யமஹா ஆர். 15, 2011-இல் வெளிவந்த ஹோண்டா சி.பி.ஆர். 250 ஆர். போன்ற, உடலை மூடிய பிளாஸ்டிக் போர்வையோடு கூடிய நான்கு ஸ்ட்ரோக் வண்டி.

இவற்றை விரும்புவார் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. இவை எடை குறைந்தவை, ஆர்.எக்ஸ். 100 ஏறக்குறைய 103 கிலோவே. ஆதலின் மெலிந்த உடலினரும் நிறுத்தவும் திருப்பவும் இயலும். பழைய வண்டி கீழே விழுந்து கீறினும், புதியது கீறினாற்போல நெஞ்சம் வருந்தாது. பழுது பார்த்துப் பார்த்துப் பொறியின் இயல்பை அறிந்துகொள்ளும் நன்மையும் உண்டு.

ஆயினும், 'சிறிய எஞ்சின், ஆதலின் அடங்கிய வண்டி' என்று கொள்ளும் கொள்கை பிழைபட்டது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அச்சு இருமுறை சுழல ஒருமுறையே எரிபொருள் வெடிக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கிலோ ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை வெடிக்கும். ஆகவே 98 சி.சி. அளவினதாகிய ஆர்.எக்ஸ். 100 தரும் ஆற்றல் 11 குதிரைத்திறன். அதே 1985-இல் வெளிவந்து, அளவிலும் ஏறக்குறைய ஒத்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 தருவதோ ஏழு, ஏழரை அளவிற்றே. அன்றியும், இவ்வகை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் தன் ஆற்றலைச் சீராக வழங்குவதில்லை. தாழ்ந்த சுழற்சியில் சோம்பிக் கிடந்து, ஓரளவு ஏறியவுடன் பொள்ளென எழும். கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் இணக்கிப் பழகாத கைக்கு அவ்வெழுச்சியை எதிர்கொள்ளல் அரிது. கைப்பிடியைத் தளர்த்திய வழியும் எஞ்சின் வண்டியை இழுத்து நிறுத்துந் தன்மை இதன்கண் குறைவு. பிரேக்கையே பெரிதும் நம்பல் வேண்டும். அப்பிரேக்குகளோ இரு சக்கரத்தினும் பழைய டிரம் வகையின.

ஆர். 15 முதலியவற்றின் நிலை வேறு. இவற்றின் எஞ்சின் சீரானது. இரு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டு. ஆனால் உடலை முன்சாய்த்து அமரும் அமைப்பினால் சுமை மணிக்கட்டில் விழுகின்றது. கைப்பிடியை இறுகப் பற்றுவான் அதனை நுட்பமாகத் திருகல் இயலாது. நெருக்கமான தெருவில் மெல்ல ஊர்ந்து திரும்பல், பயில்வான் முதற்கண் கற்க வேண்டிய கலை. அதற்கு நிமிர்ந்த இருக்கையும் அகலத் திரும்பும் கைப்பிடியுமே துணையாவன. மேலும், ஒருமுறை வண்டி சரியின் உடையும் பிளாஸ்டிக் போர்வையின் விலை, எளிய வண்டியின் முழுப் பழுதினும் மிகுதல் கூடும்.

பயில்வானை வீழ்த்துவது பெரும்பாலும் விரைவினும் திகைப்பே. எதிரே ஆடொன்று குறுக்கிடின் அவன் முன்பிரேக்கை முழுவலியோடும் பற்றுவான், சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி வழுக்கி வீழும். இதனைத் தடுப்பதே ஏ.பி.எஸ். என்னும் கருவி. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகட்கு இஃது 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. முதல் ஆர். 15 இதனைப் பெற்றதன்று, சி.பி.ஆர். 250 ஆரில் ஒரு பிரிவு மட்டும் பெற்றிருந்தது. விரைவு இருமடங்காயின் பிரேக் பிடித்தபின் நிற்கும் தொலைவு நான்மடங்காகும் என்பதனையும் உடன் நினைக்க.

இனி, பழமையால் வருங் கேட்டினைக் காண்போம். ஆர்.எக்ஸ். 100 வண்டிகளுள் இளையதும் இவ்விதழைப் படிக்கும் மாணவர் பெரும்பாலாரினும் மூத்தது. ரப்பர், ஓடாது கிடப்பினும் முதிர்ந்து இறுகும். டயரின் பக்கத்தே பொறித்த நான்கு எண்களுள் முன்னிரண்டு அது செய்த வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 1216 என்றிருப்பின், 2016-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரம் என்க. பள்ளம் தேயாத டயராயினும் அத்துணை முதியதாயின் நீக்குக. டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றல் வேண்டும். முன்போர்க்குக் குழாய்களில் எண்ணெய் கசிகின்றதா, கைப்பிடி நடுவே தடைப்பட்டுத் திரும்புகின்றதா, பிரேக் பிடியின் நுனியும் காலணையும் தேய்ந்து விபத்தை அறிவிக்கின்றனவா என்று நோக்குக. விரைவு வண்டியை முன்னர் ஆண்டவன் விரைந்தே ஆண்டிருப்பான். அதன் கூலியைப் பின்னர் வாங்குவோன் கொடுக்கின்றான்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பயில்வோர் உரிமம் ஆறு திங்கள் செல்லும். முப்பது நாள் கழிந்த பின்னரே தேர்வு. அதுகாறும் பயிற்றுவோரையன்றிப் பிறரைப் பின்னிருத்திச் செல்லலாகாது. பதிவு பதினைந்தாண்டிற்கே உரியது. பின்னர்த் தகுதி காட்டி ஐயாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவேட்டோடு ஒத்துள்ளனவா என்று தாமே ஒப்பிட்டு, வாங்கிய முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும்.

விலையோ குறைவென்று எண்ணற்க. நன்கு பேணிய ஆர்.எக்ஸ். 100, புதிய எளிய வண்டியின் விலையினும் மிக்கு விற்றலும் உண்டு. பணம் முழுவதும் வண்டிக்கே செலவிட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசத்துக்குக் கைசுருக்குதல், யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்ததோ டொக்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் எம் முடிபு இது. முதல் வண்டியாகப் பழைய விரைவு வண்டி வேண்டா. நூறு அல்லது நூற்றிருபத்தைந்து சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எளிய வண்டி ஒன்றில், மழையும் இரவும் நெரிசலும் கண்டு ஓராண்டு பழகுக. பின்னரும் ஆர்வம் தணியாதார், ஏ.பி.எஸ். உடைய விரைவு வண்டி ஒன்றனை, நேர்மையுடைய மெக்கானிக் ஒருவரை உடன்கொண்டு தேர்ந்து வாங்குக. இரண்டு ஸ்ட்ரோக்கின்மேற் காதல் கொண்டார், அதனை நாள்தோறும் செல்லும் ஊர்தியாகக் கொள்ளாது, பொறியைப் பேணும் இன்பத்திற்காக இரண்டாம் வண்டியாகக் கொள்க.

மாணவ நண்பர்காள்! விரைவு ஓடிவிடுவதன்று, ஓராண்டு பொறுத்தார்க்கும் அது காத்திருக்கும். வாயிலில் விழி வைத்து நம் வரவு பார்க்கும் அன்னையர்க்கு, நாம் எத்துணை விரைந்து வந்தோம் என்பது பொருளன்று. வந்தோம் என்பதே பொருள்.