இறுதித் தொகை ஏன் குறைந்தது? கூட்டு விற்பனையின் கணக்கும் உழவரின் கேள்வியும்

தானியத்தை எடை போட்டுக் கொடுத்த அன்றே முழு விலையும் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது உழவர்களின் இயல்பான விருப்பம். ஆயினும் அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க முனைவதால் விலை சரிகிறது. இதற்கு மாற்றாக உருவானதே கூட்டு விற்பனை. பலருடைய விளைச்சலை ஒன்றாகத் திரட்டி, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக விற்று, கிடைத்த மொத்தப் பணத்தை அளவுக்கும் தரத்துக்கும் ஏற்பப் பகிர்ந்துகொள்ளும் முறை இது. ஒப்படைக்கும்போது ஒரு தொடக்கத் தொகை வழங்கப்படும். விற்பனை முடிந்து கணக்கு முடிக்கப்பட்டபின் இறுதித் தொகை வரும்.

இந்த இறுதித் தொகை எதிர்பார்த்ததைவிடக் குறையும்போதுதான் கேள்வி எழுகிறது. "மீதிப் பணம் எங்கே போயிற்று?" என்ற அந்தக் கேள்வி, உலகின் மிகப் பெரிய தானியக் கூட்டு விற்பனை அமைப்புகளுள் ஒன்றான கனடாவின் கோதுமை வாரியத்தை அதன் இறுதிநாள் வரை தொடர்ந்தது. நம் நாட்டிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பெருகிவரும் இவ்வேளையில், அந்த வரலாற்றை நம் வாடிக்கையாளர்கள் அறிந்துகொள்வது பயன் தரும்.

வங்கிக் கடனும் வீழ்ந்த விலையும்

கனடாவின் மேற்குச் சமவெளியில் உள்ள ஆல்பெர்ட்டா மாகாணத்தில் 1923ஆம் ஆண்டிலும், சஸ்காச்சுவான், மானிட்டோபா மாகாணங்களில் 1924ஆம் ஆண்டிலும் விவசாயிகள் தாமாகவே கோதுமைக் கூட்டமைப்புகளைத் தொடங்கினர். மூன்றும் இணைந்து ஒரு மைய விற்பனை அமைப்பை நடத்தின. தொடக்கத் தொகையை வழங்க வங்கிகள் கடன் கொடுத்தன. இருப்பிலிருந்த கோதுமையே அதற்கு ஈடு.

முதல் சில ஆண்டுகள் நன்றாகவே சென்றன. 1929ஆம் ஆண்டு விளைச்சலுக்குப் புஷலுக்கு 1 டாலர் தொடக்கத் தொகையாக வழங்கப்பட்டது. புஷல் என்பது ஏறத்தாழ 27 கிலோ கோதுமை. அப்போதைய சந்தை விலையோடு ஒப்பிட்டால் அது எச்சரிக்கையான அளவாகவே தோன்றியது. ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கோதுமை விலை சரிந்துகொண்டே போயிற்று. ஈடாக வைத்த சரக்கின் மதிப்பு கடனை நெருங்கியபோது வங்கிகள் கவலை கொண்டன; 1930இல் மாகாண அரசுகள் உத்தரவாதம் அளிக்க நேர்ந்தது. இறுதியில், விற்றுக் கிடைத்ததைவிட விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டதே அதிகம் என்பது தெரியவந்தது. இவ்வாறு மிகையாக வழங்கப்பட்ட தொகை 2 கோடி டாலருக்கும் மேல். இறுதித் தொகை வரும் என்று காத்திருந்தவர்களின் கூட்டமைப்புகளுக்குக் கடனே மிஞ்சியது. அரசுகளுக்கு அதைத் திருப்பிச் செலுத்தும் பணி 1940களிலும் தொடர்ந்தது. 1932 டிசம்பரில் கோதுமை விலை புஷலுக்கு 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

இதன் பின்னரே 1935ஆம் ஆண்டில் கனடா அரசு கோதுமை வாரியத்தைச் சட்டத்தின் மூலம் நிறுவியது. தொடக்கத் தொகைக்கு அரசே உத்தரவாதம் தந்தது. 1943 முதல், மேற்குச் சமவெளி விவசாயிகள் தம் கோதுமையை வாரியத்தின் வழியே மட்டுமே விற்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. 1990-91 பருவத்தில் விற்பனை வருவாய் தொடக்கத் தொகையைவிடக் குறைந்தபோது, நட்டத்தை அரசு ஏற்றது. விவசாயிகள் பெற்றதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் இறுதித் தொகை என்று எதுவும் இல்லை.

உச்ச விலையும் சராசரி விலையும்

விலை வீழ்ந்த காலத்தில் மட்டுமன்றி, விலை உயர்ந்த காலத்திலும் கேள்விகள் எழுந்தன. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் சந்தையில் கோதுமையின் முன்பேர விலை புஷலுக்கு 20 டாலரைத் தாண்டியது. எல்லைக்கு அப்பால் வடக்கு டகோட்டா விவசாயிகள் அன்றைய விலைக்கு விற்கலாம். இப்பால் இருந்தவர்கள் தொகுப்பின் சராசரி விலைக்காகக் காத்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளைவிட அவ்வாண்டு நல்ல தொகையே கிடைத்தது. எனினும் நாளிதழில் கண்ட உச்ச விலை மனத்தில் பதிந்திருந்ததால், வந்த தொகை குறைவாகவே தோன்றியது. வாரியம் அந்த ஆண்டுச் சரக்கின் ஒரு பகுதியை விலை உயரும் முன்பே விற்றிருந்தது. உச்சத்தில் விற்கப்பட்டது ஒரு பகுதியே.

சராசரியின் இயல்பே இதுதான். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கூட்டமைப்பு தன் தானியத்தில் 30 சதவீதத்தைக் குவிண்டால் 2,300 ரூபாய்க்கும், 50 சதவீதத்தை 2,460 ரூபாய்க்கும், 20 சதவீதத்தை 2,900 ரூபாய்க்கும் விற்கிறது. சராசரி 2,500 ரூபாய். தொடக்கத் தொகையாக 1,800 ரூபாய் வழங்கப்பட்டுவிட்டது. 2,900 ரூபாயை மனத்தில் கொண்ட உறுப்பினர், இன்னும் 1,100 ரூபாய் வரும் என்று எதிர்பார்க்கிறார்.

செலவுகளைக் கழிப்போம். வண்டி வாடகை 90 ரூபாய். கிடங்கு வாடகை 70 ரூபாய். தூற்றிச் சுத்தம் செய்தலும் எடைக் குறைவும் 60 ரூபாய். நிர்வாகம் 46 ரூபாய். தொடக்கத் தொகை வங்கிக் கடனிலிருந்து வழங்கப்பட்டதால், 1,800 ரூபாய்க்கு 9 சதவீத வட்டியில் நான்கு மாதத்துக்கு 54 ரூபாய். ஆக மொத்தச் செலவு 320 ரூபாய். நிகர விலை 2,180 ரூபாய். இறுதித் தொகை 380 ரூபாய். எதிர்பார்ப்புக்கும் கைக்கு வந்ததற்கும் இடையே 720 ரூபாய் வேறுபாடு. இதில் 400 ரூபாய், உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி. 320 ரூபாய் செலவு. எவரும் ஒரு காசும் எடுத்துச் செல்லவில்லை.

கணக்கு நேர்மையாக இருந்தும் உறுப்பினர் ஏமாற்றப்பட்டதாக உணரலாம் என்பதே இங்கே நாம் கவனிக்க வேண்டியது. அதே வேளையில், எல்லாக் குறைவையும் சராசரியின் தலையில் கட்டிவிடவும் முடியாது. தவறான காலத்தில் விற்றது, கிடங்கில் சரக்கு கெட்டது, செலவு மிகுந்தது ஆகியனவும் அதே இறுதி எண்ணுக்குள் மறைந்துகொள்ளும். ஆகவே கேள்வி கேட்பது நன்றி கெட்ட செயலன்று. அது உறுப்பினரின் கடமை.

கனடா வாரியமும் இதை ஓரளவு உணர்ந்தது. 1998ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி 15 இயக்குநர்களில் 10 பேரை விவசாயிகளே தேர்ந்தெடுத்தனர். 2000ஆம் ஆண்டு முதல், தொகுப்புக்கு வெளியே நிலையான விலைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் வாய்ப்பும் வந்தது. ஆயினும் மனத்தாங்கல் தீரவில்லை. வாரியத்தைத் தவிர்த்துத் தம் தானியத்தை எல்லைக்கு அப்பால் கொண்டுசென்ற ஆல்பெர்ட்டா விவசாயிகள் 13 பேர், அபராதம் செலுத்த மறுத்து 2002இல் சிறை சென்றனர். மறுபுறம், 2011இல் வாரியம் நடத்திய வாக்கெடுப்பில் கலந்துகொண்டோரில் 62 சதவீதத்தினர் கோதுமைக்கு ஒற்றை விற்பனை முறை தொடரட்டும் என்றனர். அரசு அதை ஏற்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று கட்டாய முறை முடிவுக்கு வந்தது.

நம் நாட்டுச் சட்டம் கூறுவது

இந்தியாவில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான சட்டப் பிரிவு 2003இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் பகுதியாக உள்ளது. பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020இல் தொடங்கப்பட்டது. இச்சட்டத்தில் 'நிறுத்திவைக்கப்பட்ட விலை' என்ற ஒன்று உண்டு. உறுப்பினர் ஒப்படைத்த பொருளுக்கு முதலில் இயக்குநர் குழு தீர்மானிக்கும் தொகை மட்டும் வழங்கப்படலாம். மீதி பின்னர் வழங்கப்படும். அந்த மீதியைப் பணமாகவோ, பொருளாகவோ, நிறுவனப் பங்குகளாகவோ தரலாம். பங்காக வரவு வைக்கப்பட்டால், வங்கிக் கணக்கில் எதுவும் வராது என்பதை உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

 ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்குச் செல்லும் உறுப்பினர் ஐந்து விவரங்களைக் கேட்டுப் பெறலாம்: எந்த மாதத்தில் எவ்வளவு, என்ன விலைக்கு விற்கப்பட்டது, தம் சரக்குக்கு எந்தத் தரம் குறிக்கப்பட்டது, கழிவுகள் தனித்தனியாக எவ்வளவு, கடன் வட்டி எத்தனை நாளுக்கு, மீதித் தொகை எந்த வடிவில், எந்தத் தேதியில் வரும். இவ்வைந்தும் ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாளை ஒவ்வொரு பருவத்திலும் கேட்காமலே வழங்கும் நிறுவனத்தில், குறைந்த தொகை வந்த ஆண்டிலும் உறுப்பினர் நிலைத்திருப்பார்.

வங்கியில் பணிபுரியும் எங்களுக்கு இதில் மற்றோர் அக்கறையும் உண்டு. கிசான் கடன் அட்டையின் மூலம் பெற்ற பயிர்க் கடனை உரிய தவணைக்குள் செலுத்துவோருக்கு 3 சதவீதக் கூடுதல் வட்டிச் சலுகை உண்டு. வரவேண்டிய இறுதித் தொகையை நம்பித் தவணையைக் கடத்தினால் அச்சலுகை கை நழுவும். ஆகவே கையில் வந்த தொடக்கத் தொகையைக் கொண்டே தவணையைத் திட்டமிடுவதும், இறுதித் தொகையை அடுத்த பருவத்துக்கான விதைக்கும் உரத்துக்கும் ஒதுக்குவதும் நலம். தொகை தாமதமாகும் என்று தெரிந்தால், தவணை நாளுக்கு முன்பே கிளைக்கு வந்து பேசுங்கள். உங்கள் நிறுவனம் தந்த கணக்குத் தாளையும் உடன் கொண்டுவாருங்கள். வட்டியும் கழிவும் சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளனவா என்று சேர்ந்து பார்த்துச் சொல்வது எங்கள் பணியின் ஒரு பகுதியே.